காபி ஏன் இன்னும் சூடாக இருக்கிறது?

மனிதர்களில் ஒரு வகை உண்டு. அறையே சிரித்து உருளும்போது அவர்களும் சேர்ந்துதான் சிரிப்பார்கள். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த மீன் துண்டுக்குக் கை நீட்டும்போது, இவர்கள் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, யாரோ தங்கள் சட்டைப்பையில் கையை விட்டு எதையோ எடுத்துக்கொண்டு போய்விட்டதைப் போல விழித்து, "சரி, இப்ப நாம எதுக்குச் சிரிச்சோம்?" என்று கேட்பார்கள். உம்மணாமூஞ்சிகளோடு இவர்களைச் சேர்த்துவிடாதீர்கள். உம்மணாமூஞ்சி சிரிக்கவே மாட்டான். அவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. இவர்கள் சிரித்துவிட்டு விசாரணை வைப்பார்கள். சிரிப்பு இவர்களுக்கு, கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்ட ஆள். யார் நீ, யார் அனுப்பினார்கள், எந்த வழியாக நுழைந்தாய்? பதில் வாங்காமல் விட மாட்டார்கள். பதில் சொல்லிவிட்டு அந்த ஆள் எழுந்து போவான். பிறகு அந்தத் தெருப் பக்கமே வர மாட்டான்.

இந்த இனம் எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆனால் நன்றாக வளர்ந்து காய்த்த ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் வடக்குக் குளிர் நாடொன்றின் ஸ்வென்போர் துறைமுகத்திலிருந்து மேலே ஏறும் தெருவில் பதினேழாம் எண் வீட்டுக்கு வாருங்கள். எஸ்கில் ராவ்ன். வயது ஐம்பத்து நான்கு. நகராட்சியின் குடிநீர்ச் சோதனைக் கூடத்தில் வேலை. தண்ணீரில் ஒன்றும் இல்லை என்பதை முப்பது ஆண்டுகளாக வாரம் நான்கு முறை கண்டுபிடித்துச் சொல்லி வருபவன். ஒன்றும் இல்லாத இடத்தில் எதையாவது தேடுவது ஒரு மனிதனுக்குத் தொழிலாகிவிட்டால், அந்தப் பழக்கம் மாலை நான்கு மணிக்குச் சோதனைக் கூடத்தோடு நின்றுவிடுமா?

எஸ்கிலைப் பிடித்து ஆட்டியது ஒரே ஒரு வசனம். படகுப் படத்தில் வருவது.

படகுப் படத்தை அந்தத் தெருவில் பார்க்காதவர் கிடையாது. கறுப்பு வெள்ளைப் படம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சாப்பாட்டு மேசைக்கும் சோபாவுக்கும் நடுவே உடம்பு தத்தளிக்கும் அந்த மத்தியான நேரத்தில், ஒவ்வோர் ஆண்டும் தொலைக்காட்சியில் போடுவார்கள். தீவுக்குப் போகும் சின்னப் படகில் ஒரு கல்யாணக் கோஷ்டி. தலைமை மாலுமி மாப்பிள்ளையின் அப்பாவோடு வாக்குவாதம் பண்ணிக்கொண்டே படகைக் கொண்டுபோய் மணல்திட்டில் ஏற்றிவிடுகிறார். கேக் கடலில். மணப்பெண்ணின் முக்காடு கொடிமரத்தில். பாதிரியாருக்கு ஒரு செருப்பைக் காணோம். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்துகிறார்கள். கத்திக் கத்தி, திட்டுவதற்கு இனி ஆளே மிச்சமில்லை என்ற கட்டம் வந்து, சட்டென்று அமைதி. அப்போது கீழ்த்தளத்திலிருந்து பரிசாரகன் ஏறி வருகிறான். இடுப்புவரை நனைந்த ஒல்லி மனிதன். கையில் எனாமல் கெட்டில். சுற்றிலும் ஒரு முறை பார்க்கிறான். சொல்கிறான்:

"காபி இன்னும் சூடாத்தான் இருக்கு."

அவ்வளவுதான். தெரு முழுக்க, ஜன்னல் ஜன்னலாக, சிரிப்பு வெடிக்கும்.

இதில் என்ன இருக்கிறது சொல்லுங்கள். சிலேடையா? இல்லை. வசவா? இல்லை. யாராவது விழுந்தார்களா? முன்பே விழுந்தாகிவிட்டது. காபியின் நிலவரத்தைப் பற்றி ஒரு தகவல். நாள்தோறும் ஆயிரம் வீட்டில் ஆயிரம் பேர் சொல்வது. ஆனாலும் கார் பழுதாகி நெடுஞ்சாலையோரம் நின்றால் அந்த ஊர்க்காரர்கள் இதைச் சொல்வார்கள். கால்பந்தில் ஆறு கோல் வாங்கினால் சொல்வார்கள். அடக்கத்தின்போது மழை கொட்டி, குடைகள் திரும்பி, சவப்பெட்டியைச் சுமந்தவர் வழுக்கிய நாளில், விதவையே சொன்னதாகக் கேள்வி.

எஸ்கிலின் மனைவி விபெக்கெ அதைப் பேருந்தில் சொல்வாள். அவள் ஓட்டுநர். துறைமுகத்திலிருந்து மருத்துவமனை மேட்டுக்கு ஏறும் இரண்டாம் எண் வண்டி. வண்டி பழையது, மேடு செங்குத்து, குளிர்காலம் நீளம். ஆக மாதம் ஒரு முறையாவது வண்டி நடுமேட்டில் முனகி நின்றுவிடும். விபெக்கெ எஞ்சினை அணைப்பாள். பெரிய கண்ணாடியில் எல்லோரையும் ஒரு சுற்று பார்ப்பாள். வண்டியே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். "காபி இன்னும் சூடாத்தான் இருக்கு," என்பாள். பல் வலிக்காரர் உட்பட அத்தனை பேரும் சிரிப்பார்கள். எல்லோரையும் விட அதிகமாகச் சிரிப்பவள் அவள்தான். தலையைப் பின்னால் தள்ளி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தட்டிச் சிரிப்பாள். எஸ்கில் அவளைக் கல்யாணம் செய்துகொண்டது அந்தச் சிரிப்புக்காக. அது ஏன் வருகிறது என்று தெரியாமலேயே இருபத்து நான்கரை ஆண்டுகள் அதோடு குடித்தனம் நடத்தியும் விட்டான். ஒரு விஞ்ஞானிக்கு இது அவமானம் இல்லையா?

ஆகவே போன இலையுதிர்காலத்தில் அந்தப் படத்தின் குறுந்தகடு ஒன்றை வாங்கி வேலையில் இறங்கினான். பரிசாரகன் சுற்றிப் பார்ப்பதற்கும் வாயைத் திறப்பதற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தான்: ஒன்று புள்ளி எட்டு நொடி. கொடிமரத்தின் நிழலை வைத்துக் கணக்குப் போட்டு, படகு தரை தட்டியதற்கும் கெட்டில் மேலே வந்ததற்கும் இடையே முப்பத்தைந்து நிமிடம் என்று கண்டான். பிறகு பழைய சாமான் கடையில் அதே மாதிரி எனாமல் கெட்டில் ஒன்றைப் பிடித்து, குளியல் தொட்டியில் பதினான்கு டிகிரித் தண்ணீரை நிரப்பி, கால்சட்டையோடு அதில் இறங்கி, இடுப்பு நனைவதற்காக மண்டியிட்டு, ஒரு கையில் கெட்டிலும் இன்னொரு கையில் வெப்பமானியுமாக இருந்தபோது விபெக்கெ கதவைத் திறந்தாள்.

"என்ன பண்ற?"

"அந்தக் காபி நிஜமாவே சூடா இருந்திருக்குமான்னு பாக்கறேன்."

"எதுக்கு?"

"அதுலதான் சிரிப்பு இருக்கணும்."

"கெடச்சா எனக்கும் ஒரு வாய் குடு," என்று கதவைச் சாத்தினாள். கூடத்திலிருந்து பத்து நிமிடம் அவள் சிரிக்கும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. எஸ்கில் ஈரக் கையால் குறிப்பேட்டில் எழுதினான்: 'வி. சிரித்தாள். காரணம் தெரியவில்லை. தனியாக விசாரிக்க வேண்டும்.'

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். குறுந்தகட்டில் படம் ஓடியது. படகு தரை தட்டியது. கேக் போயிற்று, முக்காடு போயிற்று, செருப்பு போயிற்று. பரிசாரகன் ஏறி வந்தான், சுற்றிப் பார்த்தான், வாயைத் திறந்தான். எஸ்கில் படத்தை நிறுத்தினான்.

"ஒரு நிமிஷம்," என்றான்.

ஒரு நிமிஷம் என்று சொல்லி ஒரு நிமிஷத்தில் முடித்தவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அட்டைகள் வந்தன. வரைபடம் வந்தது. காபி இருபத்தாறாம் நிமிடத்திலேயே ஆறிப்போய்விடும் என்பது நிரூபணமாயிற்று. ஆகவே பரிசாரகன் பொய் சொல்கிறான். அந்தப் பொய் கருணையினால் சொல்லப்பட்டது. பெரிய நாசத்தின் பக்கத்தில் சின்ன ஆறுதல் ஒன்றை வைக்கும்போது மனம் தராசைப் போல ஒரு பக்கம் குப்பென்று உயருகிறது, அந்த உயர்வே சிரிப்பு. 'இன்னும்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் நாற்பது சதவீதம் குறைகிறது, காபிக்குப் பதில் தேநீர் என்றால் அறுபது. இப்படியே நாற்பது நிமிடம் போயிற்று. பக்கத்து வீட்டு பிரீபென் இரண்டு முறை கழிவறைக்குப் போய் வந்தான். இரண்டாம் முறை தேவையே இல்லாமல்.

"இப்ப பாருங்க," என்று சொல்லி எஸ்கில் படத்தை ஓடவிட்டான்.

"காபி இன்னும் சூடாத்தான் இருக்கு," என்றான் பரிசாரகன்.

யாரும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள், மருத்துவர் விளக்கிய எக்ஸ்ரே படத்துக்கு ஆட்டுவது போல. விபெக்கெ, "ஆமா, அப்படித்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

அன்று எஸ்கிலுக்கு வெற்றி நாள். தலையாட்டலைக் கைதட்டலாக எடுத்துக்கொள்வதும் இந்த இனத்தின் குணம்தான்.

விஷயம் பிப்ரவரியில்தான் தெரிந்தது. பிரீபென் வேலியோரம் பனியை வாரித் தள்ளிக்கொண்டிருந்தவன், மண்வெட்டியை ஊன்றி நின்று கூப்பிட்டான்.

"எஸ்கில், உன் வீட்டுல எல்லாம் நல்லா இருக்கா?"

"ஏன், என்ன?"

"நேத்து வண்டி மேட்டுல நின்னுபோச்சுப்பா. வழக்கம்போல எல்லாரும் கண்ணாடியையே பாத்துட்டு இருந்தோம். விபெக்கெயும் பாத்தா. வாயைத் தொறந்தா. அப்புறம் மூடிட்டு, 'வேற வண்டி வருது, இருபது நிமிஷம் ஆகும்'னு சொன்னா."

"சரியாத்தானே சொல்லியிருக்கா? வேற வண்டி வந்துதா?"

"வந்துது. சரியா இருபது நிமிஷத்துல வந்துது." பிரீபென் பனியைப் பார்த்தான். "அதுதான்பா பயமா இருந்துது."

அன்று சாப்பாட்டின்போது எஸ்கில் கேட்டான். கேட்காமல் இருப்பானா?

"எனக்கு வரல எஸ்கில்," என்றாள் விபெக்கெ. கோபம் இல்லை. தொலைந்துபோன கையுறையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். "சொல்லலாம்னுதான் பாத்தேன். ஆனா இப்பல்லாம் அந்த ஆள் மூஞ்சி ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. வெப்பமானிதான் வருது."

எஸ்கிலுக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய்யாகும்; அன்று சோறு இல்லை, உருளைக்கிழங்கு. அது இறங்கவில்லை. இத்தனை நாளும் அவன் சிரிப்பைப் பிரித்துப் பார்ப்பதாகத்தான் நினைத்திருந்தான். பிரித்த பிறகு திரும்பப் பூட்ட வேண்டும் என்பதும், அந்தச் சிரிப்புக்கு வேறு பிரதி கிடையாது, மனைவியிடம் இருப்பது ஒன்றுதான் என்பதும் நினைவில்லாமல் போயிற்று. ஜூனில் அவர்களுக்கு இருபத்தைந்தாவது ஆண்டு. வெள்ளி விழாக் காலையில், தெருவே வாசலில் நிற்கும்போது, பக்கத்தில் சிரிக்காத விபெக்கெயா?

சரி செய்யப் புறப்பட்டான். எப்படி? இந்த இனத்துக்கு ஒரே ஒரு கருவிதான் தெரியும். முதல் விளக்கம் தவறு என்று நிரூபித்து இரண்டாவது விளக்கம் ஒன்றை, பதினோரு பக்கத்துக்கு எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டினான். பரிசாரகன் பொய் சொல்லவில்லை, கெட்டிலின் அடி கனம், ஆகவே காபி உண்மையிலேயே சூடு, ஆகவே மறுபடி சிரிக்கலாம். விபெக்கெ பொறுமையாகக் கேட்டாள்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்க," என்றாள்.

பதினோரு பக்கத்தையும் அவன் அடுப்பில் போட்டான். எரிந்தது. அதற்கும் அவள் சிரிக்கவில்லை.

வெள்ளி விழா அந்தத் தெருவில் எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தம்பதிக்கு மட்டும் தெரியக்கூடாது. முந்தின நாள் சாயங்காலம் அக்கம்பக்கத்தார் வந்து ஊசியிலைக் கிளைகளால் வாசலில் வளைவு கட்டுவார்கள். ஆணி அடிக்கும் சத்தம் காதைப் பிளக்கும். உள்ளே இருப்பவர்கள் அது காதில் விழாதவர்களாகத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ள வேண்டும். திரையை விலக்கக்கூடாது. விடிந்ததும் ஏழு மணிக்கு ஊதுகுழல்காரர்களோடு கூட்டம் வாசலில் பாடும். தம்பதி தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்து, இரவு உடையோடு வெளியே வந்து, "ஐயோ, இதெல்லாம் எதுக்கு!" என்று ஆச்சரியப்பட்டு, அறியாமல் முந்தின நாளே சொல்லி வைத்திருந்த பன்களையும், அறியாமல் வாங்கி வைத்திருந்த கசப்புச் சாராயத்தையும், அறியாமல் போட்டு வைத்திருந்த காபியையும் நாற்பது பேருக்குக் கொடுக்க வேண்டும்.

ஆகையால் தேதியை நேராகக் கேட்கவும் முடியாது. மே மாதக் கடைசியில் பிரீபென் வேலியோரம் வந்து, வானத்தைப் பார்த்தபடி வலை வீசினான்.

"நீங்க கல்யாணம் பண்ணிக்கிட்டது ஜூன்லதானே? பதினாலா, பதினஞ்சா? சும்மாதான் கேக்கறேன்."

பதினான்கு. ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லோடு வீட்டுக்குள் போயிருக்கலாம்.

"அது எதைக் கல்யாணம்னு சொல்றோங்கறதைப் பொறுத்தது," என்று ஆரம்பித்தான் எஸ்கில். பதினான்காம் தேதி நகராட்சி மன்றத்தில் கையெழுத்து. பதினைந்தாம் தேதி தேவாலயத்தில் ஆசீர்வாதம். சட்டப்படி பார்த்தால் முதலாவது. ஆனால் விருந்து நடந்தது இரண்டாவதில், விபெக்கெயின் அம்மா அழுததும் இரண்டாவதில். சட்டம் உறவை உண்டாக்குகிறதா, உறுதிப்படுத்துகிறதா என்பதில் இரண்டு கருத்து உண்டு... பிரீபென் அரைமணி நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். போகும்போது தலையை ஆட்டினான். தலையாட்டலைப் பற்றி முன்பே சொன்னேன்.

"பிரீபெனுக்குத் தேதி தெரியுமா?" என்று விபெக்கெ கேட்டாள்.

"தெளிவா விளக்கிட்டேன்," என்றான்.

பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் இருவரும் தொலைக்காட்சியை அதிகபட்ச சத்தத்தில் வைத்துக்கொண்டு, மாடுகளுக்கு வரும் குளம்பு நோய் பற்றிய நிகழ்ச்சி ஒன்றை முழுதாகப் பார்த்தார்கள். பதினான்காம் தேதி நாலரைக்கு எழுந்தார்கள். நாற்பது பன் அடுக்கினார்கள். மூன்று பெரிய ஃபிளாஸ்க்கில் காபி நிரப்பினார்கள். எஸ்கில் ஒன்றை மட்டும் ருசி பார்க்கப் படுக்கையறைக்கே தூக்கி வந்தான். பிறகு பகல் உடையைக் கழற்றி, தூக்கத்தில் பிடிபடுவதற்கென்றே புதிதாக வாங்கிய கோடு போட்ட இரவு உடைகளைப் போட்டுக்கொண்டு, மடிப்புக் கலையாமல், மல்லாந்து, அருகருகே படுத்தார்கள்.

ஏழு அடித்தது. ஒரு கடற்காகம் கத்திற்று.

ஏழு பத்து. "ஊதுகுழல்காரங்க எப்பவுமே லேட்டுதான்," என்று எஸ்கில் கிசுகிசுத்தான்.

ஏழு இருபது. "பாட்டுத் தாள் மறந்திருப்பாங்க. திரும்பப் போய் எடுக்க எட்டு நிமிஷம். வர ஒம்பது, மேடு இருக்கில்ல."

ஏழு நாற்பதுக்கு விபெக்கெ எழுந்து போய்த் திரையை விரல் அகலம் விலக்கினாள். வளைவு இல்லை. கிளை இல்லை. ஆள் இல்லை. பக்கத்து வீட்டுப் படியில் பிரீபெனின் பூனை உட்கார்ந்திருந்தது. கதவு திறந்து பிரீபென் உள்ளாடையோடு வந்து, செய்தித்தாளைப் பொறுக்கிக்கொண்டு, நிமிர்ந்து, ஜன்னலில் விபெக்கெயைக் கண்டு, கையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

"எஸ்கில். நீ அவன்கிட்ட தேதி சொன்னியா?"

"சொல்லல," என்றான் எஸ்கில். "விளக்கினேன்."

விபெக்கெ புது இரவு உடையில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைக் கிள்ளிக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் மோவாய் நடுங்கியதை எஸ்கில் பார்த்தான். இருபத்தைந்து ஆண்டில் மூன்று முறைதான் அதைப் பார்த்திருக்கிறான். கீழே நாற்பது பன். வெளியே பூனை. ஏதாவது சொல்ல வேண்டும். ஒரு காரணம், ஒரு காரணத்தின் காரணம், ஒரு புள்ளிவிவரம். வாழ்க்கையில் முதல் முறையாக எஸ்கில் ராவ்ன் தேடிப் பார்த்து, உள்ளே எதுவுமே கிடைக்காமல், கட்டிலைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மேசையில் இருந்த ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினான். ஆவி வந்தது. சோதனைக் கூடத்துக்காரன், கண்டதைச் சொன்னான்.

"காபி இன்னும் சூடாத்தான் இருக்கு."

படத்தை அவன் நினைக்கவே இல்லை. சத்தியமாக.

விபெக்கெ நிமிர்ந்து பார்த்தாள். தலை பின்னால் போயிற்று. இரண்டு கையும் மெத்தையைத் தட்டின. கட்டில் குலுங்கிற்று, காபி கொட்டிற்று, பக்கத்து வீட்டுப் படியில் பூனை எழுந்து நின்றது. மூச்சு வாங்க, கண்ணில் நீர் வழிய, "ஐயோ, உன் மூஞ்சி..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் மறுபடி சிரித்தாள். எஸ்கிலும் சிரித்தான். கோடு போட்ட இரண்டு உடைகளும் கசங்கிப்போயின.

பிறகு அவன் கை, தானாக, மெல்ல, மேசை இழுப்பறைப் பக்கம் போயிற்று. அங்கேதான் குறிப்பேடு.

"தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்," என்றாள் விபெக்கெ, சிரிப்பு நிற்காமலே.

கை திரும்பி வந்தது.

மறுநாள் பதினைந்தாம் தேதி, சரியாக ஏழு மணிக்கு, வளைவும் ஊதுகுழலும் பாட்டுமாகத் தெரு வாசலில் திரண்டது. தம்பதி முந்தின நாள் கசங்கிய உடையில் வெளியே வந்து ஆச்சரியப்பட்டார்கள். நடிக்கத் தேவைப்படவில்லை; சிரித்துக் களைத்து முந்தின நாள் மாலையே தூங்கிப்போனதில் ஆணிச் சத்தம்கூடக் காதில் விழவில்லை, வருவார்கள் என்று அவர்கள் எதிர்பார்க்கவே இல்லை. பன் கொஞ்சம் கல்லாகியிருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை, பிரீபெனைத் தவிர.

"இந்த ரொட்டி நேத்து வாங்கினதா?" என்று மென்றுகொண்டே கேட்டான். "அதை விடு. நேத்துக் காலைல உங்க வீட்டுலேர்ந்து ஒரே சிரிப்பு. தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. எதுக்குப்பா?"

எஸ்கில் வாயைத் திறந்தான். கூட்டம் மொத்தமும் திறந்த அந்த வாயைப் பார்த்தது; இரண்டு ஊதுகுழல்காரர்கள் பின்பக்கமாக நழுவப் பார்த்தார்கள். விபெக்கெயின் காலணி அவன் பாதத்தின் மேல் ஏறி நின்றது.

"தெரியலப்பா," என்றான் எஸ்கில் ராவ்ன்.

நீங்கள் இந்த ஆளைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு. டிசம்பரில் செத்துப்போன வசனம் ஜூனில் எப்படி உயிர் பிழைத்தது? அவன் அதை நடிக்காமல் சொன்னதாலா? கூட்டமே வராத கல்யாணம் அந்தப் படகைப் போலத் தரை தட்டி நின்றதாலா? இல்லை, அவன் மூஞ்சியாலா? இப்படி ஏதோ ஒரு காரணம் இந்நேரம் உங்கள் மனத்தில் கால் முளைத்து எழுந்து நிற்கிறதா? அது சரியான காரணம் என்றும் படுகிறதா? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இதைப் படித்துக் காட்டிவிட்டு, கையோடு அதையும் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறதா?

கொஞ்சம் பொறுங்கள். அவர் சிரித்து முடிக்கட்டும்.